வாய்மொழியில் வாழும் வரலாறு: மாலி நாட்டுக் கதைசொல்லிகளும் நம் வகுப்பறையும்



எழுத்து இருந்தால்தான் வரலாறு உண்டு என்னும் எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. கல்வெட்டு, செப்பேடு, நாணயம், ஓலைச்சுவடி ஆகியவற்றைச் சான்று என்கிறோம். பாட்டி சொன்னதைக் கதை என்கிறோம். இப்பிரிவினையை நம்மை அறியாமலேயே மாணவர்களுக்கும் ஊட்டிவிடுகிறோம். இவ்வெண்ணத்தால் பெரிதும் இழப்புக்கு உள்ளான நிலப்பகுதி ஆப்பிரிக்காவாகும். 1963ஆம் ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியர் ஹியூ டிரவர்-ரோப்பர், ஆப்பிரிக்காவில் ஐரோப்பியர் செய்தவற்றுக்கு மட்டுமே வரலாறு உண்டு, எஞ்சியது இருட்டு என்னும் கருத்துப்பட உரையாற்றினார். அவ்வுரை தொலைக்காட்சியிலும் ஒளியேறியது.

அவர் அவ்வாறு பேசுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே, மேற்கு ஆப்பிரிக்காவின் கினியா நாட்டைச் சேர்ந்த ஜிப்ரில் தம்சீர் நியான் என்னும் இளம் வரலாற்றறிஞர் சிறு நூலொன்றை வெளியிட்டிருந்தார். சிகிரி வட்டாரத்தின் ஜெலிபா கோரோ என்னும் சிற்றூரில் வாழ்ந்த ஜெலி மமாது குயாத்தே என்ற கதைசொல்லியிடம் தாம் கேட்டறிந்த சுன்ஜாத்தா காவியத்தை அவர் பிரெஞ்சு மொழியில் உரைநடையாக எழுதியிருந்தார். மாலிப் பேரரசு தோன்றிய வரலாறே அக்காவியத்தின் பொருள். அப்பேரரசு தோன்றி ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் கடந்தும் அதன் வரலாறு ஒரு சிற்றூர் மனிதரின் நாவில் உயிரோடு இருந்தது.

ஆப்பிரிக்க வரலாற்றைக் கதைவழிக் கற்பித்தல் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும், "கதை என்றால் மாணவர்கள் ஆர்வமாகக் கேட்பார்கள்" என்ற அளவில் நின்றுவிடுகின்றனர். கசப்பு மருந்துக்குத் தேன் தடவுவதுபோலக் கதையைப் பயன்படுத்தும் முறை அது. ஆனால், மாலி நாட்டுக் கதைசொல்லிகளின் மரபைச் சற்று நெருங்கிப் பார்த்தால், அங்கே கதை சொல்வதற்கும் கேட்பதற்கும் கட்டொழுங்கு உண்டு என்பது புலப்படும். அக்கட்டொழுங்கே வரலாற்றுக் கல்வியின் உயிர்நாடி என்பது என் கருத்து. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜெலி என்பவர் யார்?

மேற்கு ஆப்பிரிக்கக் கதைசொல்லிகளைக் 'கிரியோ' என்று பிரெஞ்சுக்காரர்கள் அழைத்தனர். உலகெங்கும் அப்பெயரே பரவிவிட்டது. மாலி, கினியா ஆகிய நாடுகளில் வாழும் மாண்டே இன மக்கள் அவர்களை 'ஜெலி' என்றும், காம்பியாவின் மண்டிங்கா மக்கள் 'ஜாலி' என்றும் வழங்குவர். 'ஜெலி' என்னும் சொல்லுக்கு அம்மொழியில் இரத்தம் என்னும் பொருளும் உண்டு. குயாத்தே, தியாபாத்தே, சூசோ முதலிய குடும்பப் பெயர்களைக் கேட்ட மாத்திரத்திலேயே அவர் ஜெலி மரபினர் என்று ஊரார் அறிந்துகொள்வர். கொல்லர், தோல் தொழிலாளர் ஆகியோரைப் போலவே ஜெலிகளும் பிறப்பால் அமைந்த தொழிற்குழுவினர் ஆவர்.

ஜெலியின் பணி கதை சொல்வது மட்டுமன்று. மன்னன் மெல்லிய குரலில் கூறுவதை மக்கள் கேட்கும்படி உரக்க எடுத்துரைப்பவர் அவரே. இரு குடும்பங்களுக்கிடையே திருமணம் பேசுவதும், பகை மூண்டால் நடுநின்று தீர்ப்பதும், குலமுறை கிளத்துவதும், புகழ்பாடுவதும் அவர் கடமை. ஆண்கள் பலாஃபோன் என்னும் மரக்கட்டை இசைக்கருவியையோ, ங்கோனி என்னும் சிறு நரம்புக்கருவியையோ, 21 நரம்புகள் கொண்ட கோராவையோ மீட்டுவர். பெண் ஜெலிகள் பாடலில் வல்லவர்கள்.

இம்மரபின் தொன்மைக்கு நேரில் கண்டவர் சான்றும் உண்டு. மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூத்தா 1352ஆம் ஆண்டில் மாலிப் பேரரசுக்கு வந்து, மன்சா சுலைமானின் அரசவையைக் கண்டார். மன்னரின் மொழிபெயர்ப்பாளரான தூகா என்பவர், அடியில் சிறு சுரைக்குடுக்கைகள் பொருத்திய கருவியை இசைத்துப் பாடியதை அவர் குறித்துள்ளார். நாம் இன்று பலாஃபோன் என அறியும் கருவியே அது எனலாம். திருநாள்களில் புலவர்கள் பறவை இறகாலான உடையணிந்து, சிவந்த அலகுடைய மரத்தலையைச் சூடி மன்னர்முன் நிற்பார்களாம். மன்னர் வீற்றிருக்கும் மேடையில் முன்னர் அமர்ந்த அரசர்களின் பெயர்களையும் அவர்கள் ஆற்றிய நற்செயல்களையும் சொல்லி, பின்வருவோர் எடுத்துரைக்கும்படி நீரும் நன்மை செய்வீராக என்று அறிவுறுத்துவார்களாம்.

இப்னு பதூத்தாவுக்கு அக்கோலம் நகைப்பையே தந்தது. ஆயினும், இஸ்லாம் வருவதற்கு முன்பிருந்தே நிலவிவரும் வழக்கம் இது என்று தமக்குச் சொல்லப்பட்டதையும் அவர் நேர்மையாகப் பதிவு செய்தார். அவர் நகைத்த அக்காட்சியில்தான் அந்நாட்டின் வரலாற்றுப் பாடம் நடந்துகொண்டிருந்தது. மாணவன் அரியணையில் அமர்ந்திருந்தான். ஆசிரியர் இறகுடையில் நின்றிருந்தார்.

எழ முடியாத சிறுவன்

சுன்ஜாத்தாவின் கதையை அறியாதவர்களுக்காக நியானின் நூல்வழிச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

மாண்டே நாட்டு மன்னன் நாரே மகானுக்குச் சொகொலொன் என்னும் மனைவி வாய்த்தாள். அழகற்றவள், கூனல் முதுகுடையவள் என ஊரார் அவளை இகழ்ந்தனர். ஆனால், அவள் வயிற்றில் பிறப்பவன் பேரரசனாவான் எனக் குறிசொல்வோர் முன்னரே கூறியிருந்தனர். பிறந்த மகனோ ஏழாண்டு ஆகியும் நடக்கவில்லை, தவழ்ந்தே திரிந்தான். மூத்த மனைவி சஸ்ஸூமாவுக்கு அது பெருமகிழ்ச்சி. மன்னன் இறந்ததும் அவள் மகன் தங்கரான் தூமான் அரியணை ஏறினான்.

ஒரு நாள் சமையலுக்குப் பாவோபாப் இலை தீர்ந்துவிடவே, சொகொலொன் சஸ்ஸூமாவிடம் சென்று சிறிது கேட்டாள். தமிழில் பெருக்கமரம் என்று நாம் வழங்குகிறோமே, அம்மரத்தின் இலைதான் அங்குக் குழம்புக்குச் சேரும் அன்றாடக் கீரை. "என் மகன் எனக்கு இலை பறித்துத் தருகிறான், உன் மகனோ தரையில் தவழ்கிறான்" என்னும் பொருள்பட அவள் இகழ்ந்தாள். அழுதுகொண்டே திரும்பிய தாயைக் கண்ட சுன்ஜாத்தா, இன்றே நடப்பேன் என்றான். கொல்லர்கள் வார்த்த பெரும் இரும்புத்தடியைக் கொண்டுவரச் செய்து, அதனை ஊன்றி எழுந்து நின்றான். தடி வில்லாக வளைந்தது. பின்னர் இலையைப் பறிப்பதற்கு மாறாக, மரத்தையே வேரோடு பிடுங்கித் தாயின் குடிசை வாயிலில் நட்டான்.

அதன்பின் சிற்றன்னையின் சூழ்ச்சிக்கு அஞ்சித் தாயும் மக்களும் நாடுவிட்டு நாடு அலைந்தனர். மேமா நாட்டில் சுன்ஜாத்தா வளர்ந்து வீரனானான். அதற்குள் சொசோ நாட்டு மன்னன் சுமாவோரோ கான்டே மாண்டேயைக் கைப்பற்றினான். கொல்லர் குலத்தவனான அவனிடம் மந்திர ஆற்றலும், எவரும் தொடக்கூடாத பலாஃபோன் ஒன்றும் இருந்தன. சுன்ஜாத்தாவின் ஜெலியாகிய பல்லா ஃபசேகேயை அவன் தன்னிடமே நிறுத்திக்கொண்டான். இறுதியில் சுன்ஜாத்தா நாடுகளை ஒன்றுதிரட்டி, 1235ஆம் ஆண்டளவில் கிரினா என்னும் இடத்தில் சுமாவோரோவை வென்றான். சேவலின் கால்முள் பொருத்திய அம்பு அவன் மந்திரத்தை முறித்தது என்பது கதை. மாலிப் பேரரசு அவ்வெற்றியில் தோன்றியது.

நிகழ்த்தும் முறை

இக்கதையை ஜெலி அமர்ந்து ஒப்பிப்பதில்லை, நிகழ்த்துகிறார். காம்பியாவில் இதனைப் பதிவுசெய்து 1974இல் மூன்று மண்டிங்கா வடிவங்களை வெளியிட்ட அறிஞர் கார்டன் இன்னஸ், நிகழ்த்துதலில் மூன்று குரல்முறைகள் உள்ளதைக் காட்டினார். கதை நகரும் இடங்களில் இயல்பான பேச்சு வரும். புகழ்மொழியும் குலப்பட்டியலும் வரும் இடங்களில் விரைவும் உரப்பும் கொண்ட ஓதுமுறை வரும். இவற்றோடு, கேட்போர் நன்கறிந்த பாடலும் வரும். கதை ஓட்டத்தில் ஜெலி சொற்களை மாற்றிக்கொள்ள இடமுண்டு. ஓதும் பகுதியிலோ வாய்பாடுபோல அமைந்த தொடர்கள் பெரிதும் மாறாமல் நிற்கும். எனவே, பழமையான செய்திகளைத் தேடும் ஆய்வாளர் அப்பகுதியில் மிகுந்த கவனம் செலுத்துவர்.

இரண்டாவதாக, கேட்பவர் சும்மா இருப்பதில்லை. ஜெலி ஒவ்வோர் அடியைச் சொல்லி முடித்ததும் "நாமு" என்று மறுமொழி கூறுவதற்கென ஒருவர் உடனிருப்பார். 'ஆம்' என்னும் பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து அது வந்தது என்பர். நம் வீடுகளில் கதை கேட்கும் பிள்ளை 'உம்' கொட்டுவதையும், வில்லுப்பாட்டில் பக்கத்திலிருப்பவர் 'ஆமாம்' போடுவதையும் நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். 1968ஆம் ஆண்டில் மாலியின் கிட்டா நகரில் ஃபா-டிகி சிசோகோ என்னும் ஜெலி நிகழ்த்திய காவியத்தை ஜான் வில்லியம் ஜான்சன் அடியடியாகப் பெயர்த்து 1986இல் நூலாக்கினார். மூவாயிரம் அடிகளுக்கு மேற்பட்ட அந்நூலில் மறுமொழியாளரின் குரலும் அச்சேறியுள்ளது. கேட்பவரும் அந்நூலின் ஒரு பாதி என்று அவர் கருதியதன் அடையாளம் அது.

மூன்றாவது கூறே ஆசிரியர்களாகிய நமக்கு மிக முதன்மையானது. இன்னஸ் வெளியிட்ட வடிவங்களுள் ஒன்றின் ஜெலியான பம்பா சூசோ, கதைக்குள் நுழையுமுன் தம் பெயரைச் சொல்கிறார். கோரா மீட்டுபவரின் பெயரைச் சொல்கிறார். தங்கள் ஊரைச் சொல்கிறார். தம் தந்தையிடமிருந்து கற்றதையும், அவர் தம் தந்தையிடமிருந்து கற்றதையும் சொல்கிறார். நாம் ஆய்வேட்டில் அடிக்குறிப்பாக இடுவதை அவர் அவையின் முன்னே வாய்விட்டுச் சொல்கிறார். பொய் சொன்னால் அவரோடு அவர் தந்தையும் பாட்டனும் பொய்யராவர். அச்சான்றுறுதிக்குப் பிணை அவருடைய குலப்பெயரே.

கற்பிக்கும் இடங்கள்

சுமாவோரோவுக்கு உரியது என நம்பப்படும் பலாஃபோன் இன்றும் கினியா நாட்டின் நியாகசோலா என்னும் ஊரில் குயாத்தே குடும்பத்தாரின் காவலில் உள்ளது. 'சொசோ-பலா' என்பது அதன் பெயர். பல்லா ஃபசேகேயின் வழித்தோன்றல்களே தாங்கள் என்பது அக்குடும்பத்தாரின் மரபுரை. ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமும் 20 கட்டைகளும் உடைய அக்கருவியைக் குறிப்பிட்ட சில நாள்களில் மட்டுமே குடும்பத் தலைவர் இசைக்கலாம். ஏழு வயது வரையிலான பிள்ளைகளுக்குப் பலாஃபோன் பயிற்றுவிப்பதும் அவர் பொறுப்பே. யுனெஸ்கோ நிறுவனம் 2001இல் இதனை மனிதகுலத்தின் தலைசிறந்த வாய்மொழி மரபுகளுள் ஒன்றாக அறிவித்து, 2008இல் தன் பட்டியலில் சேர்த்தது.

மாலி நாட்டின் காங்கபா என்னும் ஊரில் 'காமாபுலொன்' என்னும் வட்ட வடிவ மண்வீடு உள்ளது. சொல்லின் இல்லம் என்பது அதன் பொருள். ஏழாண்டுகளுக்கு ஒருமுறை அதன் கூரையை இளைஞர்கள் பிரித்துப் புதிதாக வேய்கின்றனர். அப்போது கேலா என்னும் ஊரைச் சேர்ந்த தியாபாத்தே ஜெலிகள் வரலாற்றை எடுத்துரைக்கின்றனர். 2009இல் இச்சடங்கும் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. கூரையும் வரலாறும் ஒன்றாகவே புதுப்பிக்கப்படுகின்றன. கூரை வேய்ந்த கைகளுக்கு உரியவர்கள் அடுத்த முறை அறிவுரை கூறும் மூத்தோர் வரிசைக்கு நகர்கிறார்கள். கற்பித்தல் திட்டம் என்று இதனினும் தெளிவான ஒன்றைக் காண்பது அரிது.

இதில் எவ்வளவு மெய்?

இங்கே ஒரு கேள்வி எழுவது இயற்கை. மரத்தை வேரோடு பிடுங்கியதையும் சேவல் முள் அம்பையும் வரலாறு என்று மாணவர்களிடம் சொல்வதா?

பெல்ஜிய அறிஞர் யான் வான்சினா, காங்கோவின் கூபா மக்களிடையே ஆய்வு செய்து, 1961இல் வாய்மொழி மரபு பற்றிய தம் நூலை வெளியிட்டார். ஐரோப்பிய இடைக்கால வரலாற்றில் பயிற்சி பெற்ற அவர், எழுத்துச் சான்றுக்கு நாம் எழுப்பும் அதே கேள்விகளை வாய்மொழிச் சான்றுக்கும் எழுப்ப வேண்டும் என்றார். யார் சொன்னார், யாரிடம் கேட்டார், யார்முன் சொன்னார், இதனால் யாருக்கு நன்மை என்பனவே அக்கேள்விகள். வாய்மொழியை அப்படியே விழுங்குவதும் தவறு; அப்படியே துப்புவதும் தவறு.

சுன்ஜாத்தாவுக்கு எழுத்துச் சான்றும் உண்டு. 14ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் எழுதிய அரபு வரலாற்றறிஞர் இப்னு கல்தூன், சூசூ மக்களை வென்று பேரரசை நிறுவிய மாரி ஜாத்தா என்னும் மன்னரைக் குறிப்பிடுகிறார். அச்செய்தியும் அவர் மாலி நாட்டை அறிந்தோரிடம் வாய்மொழியாகக் கேட்டதே என்பதை மறவாதீர்கள். ஏட்டில் ஏறியவுடன் 'சான்று' என்று நாம் பெயரிடுகிறோம். அதன் ஊற்று ஒரு மனிதரின் நாக்குதான்.

ஜெலிகள் சொல்லாமல் விடுவதும் உண்டு. 1324இல் மெக்காவுக்குப் பெரும் பொன்னோடு பயணம் சென்ற மன்சா மூசாவை அரபு நூல்கள் வியந்து எழுதின. 1375ஆம் ஆண்டின் கத்தலான் நிலப்படத்தில் அவர் கையில் பொற்கட்டியோடு காட்சி தருகிறார். உலகம் அறிந்த அம்மன்னரைப் பற்றி மாண்டே ஜெலிகளின் காவியங்கள் மிகக் குறைவாகவே பேசுகின்றன. அயலார் நினைவில் பொன் நின்றது. சொந்த மக்கள் நினைவில், எழ முடியாமல் கிடந்து எழுந்த சிறுவன் நின்றான். எவர் எதை நினைவில் வைக்கிறார் என்பதே வரலாற்றின் ஒரு பாடமன்றோ?

எச்சரிக்கை தரும் நிகழ்வும் ஒன்றுண்டு. அமெரிக்க எழுத்தாளர் அலெக்ஸ் ஹேலி 1976இல் வெளியிட்ட 'வேர்கள்' என்னும் நூலில், காம்பியாவின் ஜுஃபுரே என்னும் ஊரில் ஒரு முதியவர் தம் மூதாதையின் பெயரைக் கூறியதை எழுதினார். கோடிக்கணக்கானோர் உள்ளத்தை அந்நூல் உருக்கியது. பின்னர் அங்குச் சென்று ஆராய்ந்த டொனால்டு ரைட் என்னும் வரலாற்றறிஞர், அம்முதியவர் முறையாகப் பயின்ற ஜெலி அல்லர் என்றும், ஹேலி தேடிவந்த செய்தியை அவர் முன்னரே அறிந்திருந்தார் என்றும் 1981இல் எழுதினார். வந்தவர் கேட்க விரும்பியதே அவர் செவிக்குக் கிடைத்தது. கேட்பவரின் ஏக்கம் சொல்பவரின் நாவை வளைத்துவிடும். மரபின் கட்டொழுங்கு அந்த வளைவைத் தடுக்கவே இருக்கிறது.

பள்ளிக்கூடத்துக்குள் வந்தபோது

பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் மேற்கு ஆப்பிரிக்காவின் ஆசிரியர்களை உருவாக்கியது செனகல் நாட்டின் வில்லியம் பாண்டி ஆசிரியப் பயிற்சிப் பள்ளி. அங்குப் பயின்ற மாணவர்கள் விடுமுறையில் சொந்த ஊர் சென்று மரபுக்கதைகளைத் திரட்டி வரவேண்டும். அவற்றை 1930களில் நாடகமாகவும் நடித்தனர். 1937இல் அவர்கள் பாரிஸ் மாநகரின் அரங்கிலேயே நடித்தனர். இது பெரும் வாய்ப்பே. ஆயினும், நடித்த மொழி பிரெஞ்சு. முன்வரிசையில் அமர்ந்தவர்கள் ஆட்சியாளர்கள். ஜெலியின் அவையில் 'நாமு' சொல்லும் உரிமை பெற்ற ஊரார் அங்கு இல்லை. கதை அதுவாக இருந்தும், கேட்போர் மாறியதால் அதன் பொருளும் மாறியது. எனினும், அப்பள்ளியில் படித்த கெய்த்தா ஃபொதேபா பின்னர் ஆப்பிரிக்க நடனக்குழு அமைத்து உலக அரங்குகளில் தம் மக்களின் கலையை நிகழ்த்தினார் என்பதையும் சொல்ல வேண்டும்.

நியானின் நூல் 1960இல் வந்தபோது கினியா விடுதலை பெற்று இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. கதையை வரலாற்றாசிரியர் ஒருவர் கையிலெடுத்து, ஜெலியின் பெயரை முன்னிறுத்தி, பள்ளி மாணவர் படிக்கும் நூலாக்கியது அதுவே பெரிய தொடக்கம். அடியடியாகப் பெயர்க்காமல் உரைநடையாக்கிவிட்டார் என்னும் குறையைப் பின்வந்தோர் கூறினர். அது நியாயமான குறையே. 1961இல் கினியாவில் ஆசிரியர் சங்கத்தினர் கைதானபோது நியானும் சிறைப்பட்டார். பின்னர் யுனெஸ்கோ வெளியிட்ட எட்டுத் தொகுதி ஆப்பிரிக்கப் பொது வரலாற்றின் நான்காம் தொகுதிக்கு அவரே பதிப்பாசிரியரானார். 2021இல் மறைந்தார். அப்பொது வரலாற்றைப் பள்ளிப் பாடமாக்கும் திட்டத்தை யுனெஸ்கோ 2009இல் தொடங்கியது.

இச்சிக்கலை அழகாகக் காட்டும் திரைப்படம் ஒன்றுண்டு. புர்கினா ஃபாசோ நாட்டு இயக்குநர் டானி குயாத்தே, தாமும் ஜெலி மரபினர், 1995இல் 'கெய்த்தா' என்னும் படத்தை எடுத்தார். நகரத்துச் சிறுவன் ஒருவனுக்கு அவன் பெயரின் பொருளைச் சொல்ல ஊரிலிருந்து முதிய ஜெலி வருகிறார். இயக்குநரின் தந்தை சொதிகி குயாத்தே அவ்வேடத்தில் நடித்தார். கதையில் ஆழ்ந்த சிறுவன் பள்ளிப்பாடத்தைக் கோட்டைவிடுகிறான். ஆசிரியர் சினம் கொள்கிறார், பெற்றோர் பூசலிடுகின்றனர், முதியவர் கதையை முடிக்காமலே புறப்பட்டுவிடுகிறார். அப்படத்தைப் பார்த்த எனக்கு அந்த ஆசிரியர்மீது வெறுப்பு வரவில்லை. தேர்வு, பாடத்திட்டம், நேர அட்டவணை எல்லாம் அவர் தோளிலும் உள்ளன. ஆனால், அவரும் அம்முதியவரும் ஒரே வகுப்பறையில் நிற்கமுடியாதா என்னும் வினா மட்டும் என்னை விடவில்லை.

நம் வகுப்பறையில்

நம் தமிழ்ப்பள்ளிகளில் கதை சொல்லும் போட்டி ஆண்டுதோறும் நடைபெறுகிறது. மாணவர் கதையை மனனம் செய்து, கையசைத்து, குரலேற்றி இறக்கி ஒப்பிக்கிறார். நீதிபதிகள் புள்ளியிடுகின்றனர். பிற மாணவர்கள் பேசாமல் அமர்ந்திருக்கின்றனர். எங்கே கேட்டார், யார் சொன்னது என்று எவரும் வினவுவதில்லை. ஜெலிகளின் மரபு இவ்விடத்தில்தான் நமக்குக் கைகொடுக்கிறது. நான் ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் கையாண்ட முறையைக் கீழே தருகிறேன். நான்கு பாடவேளை போதுமானது.

1. முதல் பாடவேளையில் நிலப்படத்தில் நைஜர் ஆற்றையும் மாலி, கினியா, காம்பியா ஆகிய நாடுகளையும் காட்டுக. ஆசிரியர் கதையைச் சொல்லுக. தொடங்குமுன், இக்கதையை எந்த நூலில் படித்தார், அந்நூலாசிரியர் எவரிடம் கேட்டார் என்பதை வாய்விட்டுச் சொல்லுக. ஒரு மாணவர் 'நாமு' சொல்லும் பொறுப்பை ஏற்கட்டும். அவர் மறந்தால் கதை நிற்கும்.

2. இரண்டாம் பாடவேளையில் சுன்ஜாத்தா எழுந்து நின்ற ஒரே காட்சியை மூன்று வடிவங்களில் சொல்லுக. நியான் எழுதிய வடிவில் இரும்புத்தடியை ஊன்றி எழுகிறான். பம்பா சூசோவின் வடிவில் இரும்பு பயன்படாமல் போகவே, அன்னையின் தோளில் கைவைத்து எழுகிறான். கிட்டாவின் சிசோகோ சொன்ன வடிவில் அன்னை காட்டுக்குச் சென்று வெட்டிக் கொணர்ந்த சீத்தாமரக் கோலே துணையாகிறது. மூன்று குழுக்கள் மூன்றையும் நிகழ்த்தட்டும்.

3. மூன்றாம் பாடவேளை வினாவுக்குரியது. வெண்பலகையில் 'மாறுவன', 'மாறாதன' என இரு பட்டியல் எழுதுக. இப்னு பதூத்தா, இப்னு கல்தூன் ஆகியோர் செய்திகளையும் அருகில் எழுதி ஒப்பிடச் செய்க.

4. நான்காம் பாடவேளையில் மாணவர் தம் வீட்டு முதியவரிடம் கேட்ட குடும்பச் செய்தியொன்றை அதே ஒழுங்கில் சொல்லட்டும்: நான் யார், யாரிடம் கேட்டேன், அவர் யாரிடம் கேட்டார். அதன்பிறகே கதை.

மூன்றாம் பாடவேளையில் மாணவன் ஒருவன், "ஐயா, இரும்பா, கோலா, அம்மாவின் தோளா? எது சரி?" என்று கேட்டான். நான் விடை கூறுமுன், பின்வரிசையில் இருந்த மாணவி, "மூன்றிலும் அம்மா இருக்கிறார் ஐயா" என்றாள். வகுப்பே அமைதியானது. பிறகு அவர்களே பட்டியலை நிரப்பினர். அவன் நடவாதிருந்தது மாறவில்லை, தாய் இகழப்பட்டது மாறவில்லை, எழுந்தது மாறவில்லை. ஊன்றுகோல் மட்டுமே மாறியது. மாண்டே மக்கள் தங்கள் நாட்டின் தொடக்கத்தை ஒரு தாயின் மானத்தோடு சேர்த்து நினைக்கிறார்கள் என்பதை அம்மாணவர்கள் எவரும் சொல்லித்தராமலே கண்டுகொண்டனர். எது நடந்தது என்பது ஒரு கேள்வி. எது நினைவில் வைக்கப்பட்டது, ஏன் என்பது மற்றொரு கேள்வி. இரண்டையும் பிரித்தறிந்த மாணவர் வரலாற்றின் வாசலுக்குள் காலடி வைத்துவிட்டார்.

இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்ல விரும்புகிறேன். மாணவருக்கு முகத்தில் கரிபூசி, இறகு செருகி 'ஆப்பிரிக்க வேடம்' போடுவதை அருள்கூர்ந்து தவிர்த்துவிடுங்கள். அது கற்பித்தலாகாது, இழிவுபடுத்தலே ஆகும். அடுத்து, நம் மாணவரோ நாமோ ஜெலி அல்லர். அவ்வுரிமை பிறப்பாலும் பல்லாண்டுப் பயிற்சியாலும் வருவது. "ஒரு ஜெலி சொன்னதை நூல்வழி அறிந்தேன்" என்று சொல்லிச் சொல்வதே முறை. அதுவே அவர்களுக்கு நாம் செலுத்தும் மரியாதையும் ஆகும்.

நிறைவாக

மாலி நாட்டு எழுத்தாளர் அமாது ஹம்பாத்தே பா, ஆப்பிரிக்காவில் ஒரு முதியவர் இறப்பது நூலகம் ஒன்று எரிந்துபோவதற்கு நிகர் என்னும் கருத்தை 1960இல் யுனெஸ்கோ அவையில் முன்வைத்தார். அக்கருத்து உலகெங்கும் மேற்கோளாகிவிட்டது. அதனைக் கேட்டவுடன் பதிவுக்கருவியை எடுத்துக்கொண்டு முதியவர்களிடம் ஓட வேண்டும் என்றே நமக்குத் தோன்றுகிறது. அது வேண்டியதுதான். ஆயினும், ஒலிநாடாவில் அடைக்கப்பட்ட குரலுக்கு 'நாமு' சொல்ல எவருமில்லை. கேட்டு, வினவி, மீண்டும் எடுத்துச்சொல்லும் பிள்ளைகள் இருந்தால்தான் அந்நூலகத்திற்கு வாசகர் உண்டு.

அப்பிள்ளைகளை உருவாக்கும் இடம் வகுப்பறை. பிறர் வரலாற்றை அவர்களுடைய முறைப்படியே மதித்துக் கேட்கப் பழகிய மாணவர், எழுத்தில்லை என்பதற்காக எந்த மக்களையும் வரலாறற்றவர் என்று நாளை சொல்லமாட்டார். தம் பாட்டியின் சொல்லையும் வெறுங்கதை என்று ஒதுக்கமாட்டார். கண்மூடி நம்பவும் மாட்டார். யாரிடம் கேட்டீர்கள் பாட்டி என்று பணிவோடு கேட்பார். அந்த ஒரு கேள்வியை நம் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுப்போம்.

அன்புடன்,
உங்களில் ஓர் ஆசிரியன்